வண்டி கைமாறியது, பெயர் மாறியதா?

(சாலைப் பாதுகாப்பு மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான வட்டார அளவிலான பயிற்சியில், அரசு உயர்நிலைப் பள்ளி சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து தலைக்கவசம், சாலைக் குறியீடுகள், பள்ளி வேன் என்று நிறையக் கேட்டுவிட்டோம். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'வாகன ஆவணங்கள்'. ஓட்டுநர் உரிமம், புகைச் சான்று பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய வண்டியை விற்கும்போதும் வாங்கும்போதும் ஆர்.சி.யில் பெயர் மாற்றுவது.

இது ஆர்.டி.ஓ. அலுவலக வேலை, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். இரண்டு காரணங்கள் சொல்கிறேன். முதலாவது, நாமே வண்டி விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள். மாறுதல் கலந்தாய்வு முடிந்த மாதத்தில் நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள், 'ஸ்கூட்டி விற்பனைக்கு, நல்ல கண்டிஷன்' என்று நாலைந்து பதிவாவது வரும். இரண்டாவது, கிராமத்தில் ஒரு காகிதம் புரியவில்லை என்றால் மக்கள் இன்னும் பள்ளிக்கூடத்துக்குத்தான் எடுத்து வருகிறார்கள்.

ஒரு சின்னச் சோதனை. இதுவரை ஒரு வண்டியாவது விற்றவர்கள் கை தூக்குங்கள். பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். சரி, விற்ற பிறகு அந்த வண்டியின் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்று திரும்பப் பார்த்தவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள். ஐந்து பேர். முன் வரிசையில் ஒரு டீச்சர் பாதி இறக்கிவிட்டுத் திரும்பத் தூக்குகிறார்கள். ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம்.

நம் ஊரில் பழைய வண்டி எப்படி விற்பனையாகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடை வாசலில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். விலை பேசி முடிந்ததும் பணம் எண்ணுவார்கள். டூவீலர் கன்சல்டிங் வைத்திருப்பவர் நடுவில் இருந்தால் இரண்டு படிவங்களை நீட்டுவார். 29, 30. 'இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, மத்ததை நான் பாத்துக்கிறேன் சார்.' வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலியாக இருக்கும். கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யையும் சாவியையும் கொடுத்துவிட்டு வருவோம். கொஞ்சம் விவரமானவர் என்றால் முத்திரைத் தாளில் ஒரு விற்பனை ஒப்பந்தம் எழுதி, 'இன்று முதல் இந்த வாகனத்தால் ஏற்படும் எதற்கும் வாங்கியவரே பொறுப்பு' என்று ஒரு வரி சேர்த்து, அதைப் பீரோவில் வைத்துக்கொள்வார்.

காலியாகக் கையெழுத்திட்ட அந்தப் படிவங்களுக்குச் சந்தையில் 'ஓப்பன் ஃபார்ம்' என்று பெயர். அது ஏன் காலியாகவே இருக்கிறது தெரியுமா? கன்சல்டிங்காரர் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றினால் ஒரு கட்டணம். ஆர்.சி.யில் உரிமையாளர் எண்ணிக்கையும் ஒன்று கூடிவிடும். 'செகண்ட் ஓனர்' என்று விற்க வேண்டிய வண்டி 'தேர்ட் ஓனர்' ஆனால் விலை குறையும். ஆகவே படிவம் காலியாகவே அடுத்த கைக்குப் போகிறது. அவர் விற்றால் அதற்கடுத்த கைக்கும் அதே படிவம்தான். வண்டி நாலு பேரிடம் ஓடியிருக்கும். அரசாங்கப் பதிவேட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.

இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பணம் கொடுத்து வண்டியை வாங்கியதும் அது வாங்கியவருடையதுதானே என்று கேட்பீர்கள். உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையில் பார்த்தால் ஆமாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி அந்த விற்பனை செல்லும். ஆனால் சாலையில் அந்த வண்டி மோதி அடிபட்ட மூன்றாவது மனிதர் ஒருவர் வரும்போது பேசுவது வேறு சட்டம், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 2(30) பிரிவு 'உரிமையாளர்' என்றால் யார் என்று வரையறுக்கிறது. யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவர். வண்டியை ஓட்டுகிறவரையோ, பணம் கொடுத்தவரையோ, முத்திரைத் தாள் வைத்திருப்பவரையோ அது பார்ப்பதில்லை. சிறாருக்கும், தவணைக் கடனில் ஓடும் வண்டிக்கும் மட்டும் அந்தப் பிரிவிலேயே தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகத் தீர்த்து வைத்தது. ஒரு கார், பதிவில் இருந்தவர் ஒருவருக்கு விற்க, அவர் இன்னொருவருக்கு விற்க, இப்படியே பல கை மாறியிருக்கிறது. எந்தக் கட்டத்திலும் பெயர் மாற்றவில்லை. அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. இழப்பீட்டை யார் கொடுப்பது? 'நான் எப்போதோ விற்றுவிட்டேன்' என்றார் பதிவில் இருந்தவர். உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக் கடைசியில் வாங்கியவரைப் பொறுப்பாக்கியது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றிப் பதிவில் இருப்பவர்தான் பொறுப்பு என்றது. காரணம் என்ன? அடிபட்டவரோ, இறந்தவரின் குடும்பமோ, பதிவாகாத விற்பனைகளின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலையும் நிலை வரக்கூடாது என்பதுதான்.

விற்றவர் பக்கம் நின்று பார்த்தால் இது கொடுமையாகத் தோன்றும். அடிபட்டவர் வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தால் வேறு வழி இல்லை என்பது புரியும். அவர்களிடம் இருப்பது ஒரு வண்டி எண் மட்டும். அந்த எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும் பெயரைத்தான் அவர்கள் தேட முடியும். பெயரை மாற்றும் வாய்ப்பு விற்றவர் கையில் இருந்தது, அடிபட்டவர் கையில் இல்லை. தீர்ப்பு சரி என்றே நான் நினைக்கிறேன்.

'சார், இன்சூரன்ஸ் இருக்கே, கம்பெனி கொடுத்துவிடாதா?' என்று பின் வரிசையில் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இந்த உரையில் முக்கியமான இடமே அதுதான். காப்பீடு நடப்பில் இருந்தால், பெயர் மாறாவிட்டாலும் மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டியிருக்கும். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடும் தானாக வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டத்தின் 157ஆம் பிரிவு கருதுகிறது. சிக்கல் காப்பீடு முடிந்த மறுநாள் தொடங்குகிறது. அந்த வண்டிக்குக் காப்பீடு புதுப்பிக்கும் அக்கறை இப்போது யாருக்கு இருக்கிறது? உங்களிடம் வண்டி இல்லை. வாங்கியவர் பெயரில் எதுவுமே இல்லை. போலீஸ் பிடித்தால் அபராதம், அவ்வளவுதான் என்று நினைக்கிறார். பத்தாயிரம் ரூபாய் வண்டிக்கு ஆயிரத்துச் சொச்சம் இன்சூரன்ஸா என்று தள்ளிப்போடுகிறார். அந்த இடைவெளியில் விபத்து நடந்தால் லட்சக்கணக்கான இழப்பீடு ஓட்டியவரோடு சேர்த்துப் பதிவில் இருப்பவர் தலையிலும் விழும். ஓட்டியவரிடம் எதுவும் பெயராது என்றால், மாதச் சம்பளமோ ஓட்டு வீடோ வைத்திருப்பவரிடம் வருவார்கள்.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு மாணவியின் அம்மா ஒருநாள் மதிய உணவு நேரத்தில் வந்தார்கள். கையில் ஒரு பழுப்பு உறை. 'சார், கோர்ட்டுலேர்ந்து வந்திருக்காம். இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க' என்றார்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் அறிவிப்பு. எம்.சி.ஓ.பி. என்று எண் போட்டிருந்தது. சாலையோரம் நடந்து போன ஒரு முதியவர் மீது பைக் மோதி இறந்துபோயிருக்கிறார். அவர் குடும்பம் 12 லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறது. முதலாம் எதிர்மனுதாரர், வாகன உரிமையாளர் என்ற இடத்தில் இந்த அம்மாவின் கணவர் பெயர். அவர் கொத்தனார், வாரக் கூலிக்குத் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

'நாங்க அந்த வண்டிய வித்து மூணு வருசமாச்சே சார். பதினோராயிரத்துக்குக் கொடுத்தோம். அவருக்குக் கால்ல அடிபட்டப்ப ஆஸ்பத்திரிச் செலவுக்கு வித்தது' என்றார்கள். யாருக்கு என்று கேட்டேன். ஒரு கன்சல்டிங்குக்கு. போய் விசாரித்தார்கள். அவர் பக்கத்து ஊர்ப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பையன் இன்னொருவருக்கு. விபத்து நடந்தபோது காப்பீடு முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. விற்றதற்கு இந்தக் குடும்பத்திடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. அந்தப் பெண் அன்று மாலை வகுப்பு முடிந்ததும் தனியாக நின்று, 'வீட்ட எடுத்துக்குவாங்களா சார்?' என்று கேட்டாள்.

இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குறித்த தேதியில் ஆஜராக வேண்டும். 'நாமதான் வித்துட்டோமே, எதுக்குப் போகணும்' என்று வீட்டிலேயே இருந்துவிட்டால், வராதவர் என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ வட்டச் சட்டப்பணிகள் குழுவையோ அணுகலாம். பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணம் இல்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இந்த எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் 1098க்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தக் கொத்தனாருக்கும் அப்படித்தான் வழக்கறிஞர் கிடைத்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருப்பூரிலிருந்து வந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறார்.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? 50ஆம் பிரிவு முதல் கடமையை விற்றவர் மேல்தான் வைக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் 45 நாட்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தன் இருப்பிடத்துக்குரிய அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'வாங்கினவன் மாத்திக்குவான்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, சட்டத்தின் வரிசை அதற்கு நேர் எதிர்.

படிவம் 29 என்பது விற்றவர் தரும் அறிவிப்பு; இரண்டு பிரதிகள். படிவம் 30 என்பது விண்ணப்பம். ஒரு பகுதி விற்பவருக்கு, ஒரு பகுதி வாங்குபவருக்கு. வாங்குபவர் பெயர், முகவரி, விற்ற தேதி எல்லாவற்றையும் நம் கண்முன்னால் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். காசோலையைக் காலியாகக் கையெழுத்திட்டு யாரிடமாவது கொடுப்போமா? இதுவும் அப்படித்தான். நிரப்பிய படிவங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். காலை 10 மணிக்குக் கொடுத்த வண்டி 11 மணிக்கே விபத்தில் சிக்கியதும் உண்டு.

முத்திரைத் தாள் ஒப்பந்தம் வீணா என்றால், முழுக்க வீண் இல்லை. இழப்பீடு நீங்கள் கட்ட நேர்ந்தால், வாங்கியவர் மேல் வழக்குப் போட்டுத் திரும்பக் கேட்க அது சான்றாகும். அடிபட்டவர் குடும்பத்துக்கு எதிராக அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

வேலை இப்போது பெரும்பாலும் இணையத்தில் தொடங்குகிறது. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்தால், பதிவில் இருக்கும் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். இந்த ஓ.டி.பி.யில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்பு வண்டி எடுத்தபோது கொடுத்த எண் இப்போது யாரிடமோ இருக்கும். விற்பதற்கு முன்பே எண்ணைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தோடு ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் விவரம் ஆகியவை போக வேண்டும். சில இடங்களில் சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சும் கேட்பார்கள். நாணயத்தின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படம் எடுப்பார்களே, அதே வித்தைதான். கட்டணம் பெரிய தொகை இல்லை. வண்டி விலை பேசும்போதே யார் கட்டுவது என்று பேசிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்கு யார் பொறுப்பு என்பதில்தான் முக்கால்வாசிப் பெயர் மாற்றங்கள் நின்றுபோகின்றன என்பது என் கணிப்பு.

வண்டி கடனில் வாங்கியதாக இருந்தால், கடன் தீர்ந்த பிறகும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் தானாகப் போகாது. வங்கி தரும் தடையின்மைச் சான்றோடு படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும். நம்மில் பலர் அந்தச் சான்றை எல்.ஐ.சி. பாலிசியோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அலுவலகத்தில்தான் கொடுக்கவில்லை. புதுச்சேரி, கேரளப் பதிவு வண்டி என்றால் பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். விலை மலிவு என்று பாய்வதற்கு முன் அந்த வரியையும் கூட்டிப் பாருங்கள்.

கன்சல்டிங்குக்கே விற்பதாக இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்கிறதா?' 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்ததை இணையத்தில் தெரிவித்து ஒப்புகை எண் கிடைத்துவிட்டால், அடுத்த ஆளுக்கு விற்கும்வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ஓப்பன் ஃபார்ம் நோய்க்கு இதுதான் சரியான மருந்து. கேட்கிறவர்கள் அதிகமானால்தான் வியாபாரிகளும் அந்தச் சான்றை வாங்குவார்கள்.

இனி வாங்குபவர் பக்கம். பெயர் மாற்றாமல் ஓட்டினால் இவருக்கு நஷ்டம் இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது தவறு. 157ஆம் பிரிவின்படி மாறுவது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. வாங்கிய வண்டி திருடு போனாலோ தீப்பிடித்தாலோ, காப்பீடு பழையவர் பெயரில் இருந்தால் இவருக்குப் பணம் வராது. வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடமும் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது. உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால் அவர் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு. பதிவிலும் பாலிசியிலும் அவர் பெயர் இருந்தால்தான் அது கிடைக்கும். அந்த வண்டிக்கு 15 லட்சக் கட்டணத்தை யாரோ கட்டியிருப்பார். ஓட்டிப்போய் இறந்தவர் மனைவிக்கு ஒரு ரூபாய் வராது.

விற்பவருக்கும் இங்கே ஒரு லாபம் இருக்கிறது, பலர் கேட்பதில்லை. விபத்துக் கோரிக்கை இல்லாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் 'நோ க்ளெய்ம் போனஸ்' தள்ளுபடி ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை. 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகும். விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று வாங்கி அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.

வாங்கும் முன்பு வண்டி எண்ணைப் பரிவாகனில் போட்டுப் பாருங்கள். பதிவு எந்தத் தேதி வரை செல்லும், கடன் இருக்கிறதா, காப்பீடு உண்டா என்று தெரியும். 15 வருடம் நெருங்கிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவு காத்திருக்கிறது. நிலுவையில் இருக்கும் இ-செல்லான்களையும் பார்த்துவிடுங்கள். அதை யார் கட்டுவது என்பதும் விலைப் பேச்சில் சேர வேண்டும். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிடுங்கள்.

விற்காமலே வண்டி கைமாறும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. உரிமையாளர் இறந்துபோவது. எங்கள் ஒன்றியத்தில் பணியிலிருக்கும்போதே இறந்த ஆசிரியர் ஒருவரின் மனைவி, குடும்ப ஓய்வூதியம், குடும்ப நல நிதி எல்லாவற்றுக்கும் அலைந்து முடித்த பிறகு, ஒரு வருடம் கழித்துத்தான் வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைப் பார்த்தார்கள். அதற்குள் மகன் அதைக் கல்லூரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். விதி என்ன சொல்கிறது என்றால், இறந்த 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால் வாரிசு மூன்று மாதம் வரை அந்த வண்டியைப் பயன்படுத்தலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவைப்படும். 2021இல் விதியைத் திருத்தி, வங்கிக் கணக்குக்குப் போல வண்டிக்கும் நியமனதாரர் பெயரைப் பதிய வழி செய்திருக்கிறார்கள். நம் பணிப்பதிவேட்டில் நியமனம் சரிபார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

சாலைப் பாதுகாப்பு மன்றத்துக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஒன்றுக்கு வருகிறேன். நம் பையன்கள் ஓட்டிவரும் வண்டிகள். பள்ளிக்குள் விடமாட்டோம் என்பதால் முந்தைய தெருவில் மளிகைக் கடை ஓரம் நிறுத்திவிட்டு வருகிறார்கள். 2019 திருத்தத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 வயது நிறையாதவர் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார்கள். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டிப் பதிவு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. உரிமையாளர் என்றால் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர் நிரூபிக்க இடம் இருக்கிறது. நிரூபிக்கும் பாரம் அவர் தலையில்தான். நம் மாணவன் ஓட்டிவரும் ஓப்பன் ஃபார்ம் வண்டியின் பதிவில் எந்த ஊரிலோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் பெயர்கூட இருக்கலாம்.

ஏற்கெனவே விற்றுவிட்டோம், பெயர் மாறவில்லை, வாங்கியவரைக் காணோம் என்பவர்கள் இன்று மாலையே பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறாமல் இருந்தால், எப்போது யாருக்கு விற்றீர்கள் என்ற விவரத்தோடு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்குத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு முடிந்திருந்தால் மூன்றாம் நபர் காப்பீட்டை நீங்களே கட்டிவிடுவதும் யோசிக்கத் தக்கது. நம்மிடம் இல்லாத வண்டிக்குக் கட்டுவது வயிற்றெரிச்சல்தான். ஆனால் பதிவில் நம் பெயர் இருக்கிற வரை அது நமக்கான காப்பீடு.

அரசு ஊழியர் என்ற முறையில் ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973இன்படி குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் அசையும் சொத்து வாங்கினாலும் விற்றாலும் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கார் அதில் வரும். வரம்புத் தொகை அரசாணைகளால் அவ்வப்போது மாறும். அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். தனிப் பாடம் வேண்டாம். பத்தாம் வகுப்புத் தமிழில் படிவம் நிரப்பும் வினா இருக்கிறது. நூலக உறுப்பினர் படிவமும் சேர்க்கைப் படிவமும் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டன. ஒருமுறை படிவம் 29ஐக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பள்ளியில் கொடுத்தபோது, 'விற்பவர் கையெழுத்து' என்ற இடத்தை எல்லோரும் முதலில் நிரப்பினார்கள். பெயர், தேதி எழுதாமல் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மதிப்பெண் இல்லை என்று சொன்னேன். மறுநாள் இரண்டு பிள்ளைகள், 'எங்க வீட்லயும் இப்படித்தான் வித்தாங்களாம் சார்' என்று வந்து நின்றார்கள். ஒருவர் வீட்டில் வாங்கியவர் பக்கத்துத் தெருதான். அந்த வாரமே விண்ணப்பித்துவிட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பெற்றோர்கள் வண்டி எண்ணைச் சொன்னால் கணினி ஆய்வகத்தில் அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.

படிவம் 29, 30, 31 மூன்றின் நகல்களையும் பின்பக்க மேசையில் வைத்திருக்கிறேன், பள்ளிக்கு ஒரு தொகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். விற்ற வண்டியின் எண்ணை நினைவில் வைத்திருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள், மடிக்கணினியில் பார்த்துவிடலாம்.